ஆறாயிரம் மட்டுமே ஓடியது

வந்தவன் வலது காலை இழுத்து இழுத்துப் படியேறுவதை ஜன்னல் வழியாகப் பார்த்ததும் நஸீம் திரையை இழுத்து மூடினார்.

"பைக் பாக்க ஆள் வந்தீக்கி. போய்க் காட்டுங்களே," என்றாள் மனைவி றம்லத். கொட்டிலில் தறப்பாளுக்கு அடியில் பதினோரு வருடமாகக் கிடந்த பைக்கை ஃபோனில் படம் பிடித்து விளம்பரம் போட்டவள் அவள்தான். வேண்டாம் என்று சொல்ல நஸீமுக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. முதுகுவலியால்தான் ஓட்டுவதை விட்டதாக அவளிடம் சொல்லி வைத்திருந்தார்.

"வணக்கம் நானா. நான் யோகராஜ். கலகெதரயிலருந்து வர்றேன்." 'நானா' என்று அண்ணன் முறை வைத்துக் கைகூப்பினான்.

கலகெதர. நஸீம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டிலை நோக்கி நடந்தார்.

அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்தி மயங்கும் மஃரிபு நேரம். கலகெதரைக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில், குடையோடு ரோட்டைக் கடந்த ஒருவனை அவருடைய பைக் அடித்துத் தூக்கிப் போட்டது. ரோட்டுச் சாக்கடைக் கானோரம் குப்புறக் கிடந்தான். நஸீம் அவனை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். தூரத்தில் பஸ் ஒன்றின் வெளிச்சம் தெரிந்தது. திரும்பி ஓடி வந்து பைக்கில் ஏறிவிட்டார்.

பிறகு ஒரு மாதம் பேப்பரைத் தொடவில்லை. அந்தப் பாதையில் போகவுமில்லை. அந்த ஆள் எழுந்தானா, எழவே இல்லையா என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

யோகராஜுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கொட்டிலுக்குள் வந்து தறப்பாளை அவனே விலக்கினான். டயர்கள் வெடித்துப் போயிருந்தன. மீட்டரின் தூசியை விரலால் துடைத்தான். "ஆறாயிரத்து இருநூறு. புது பைக் மாதிரி. கொஞ்சமா ஓடி அப்படியே நின்னுபோனதாத்தான் தேடித் தேடிப் பாக்குறேன் நானா. இது பதினாறாவது."

"ஏன், அதுல... என்ன விசேஷம்?"

யோகராஜ் பைக்கின் மறுபக்கம் போய் நின்றுகொண்டு இடது காலால் கிக்கரை மிதித்துப் பார்த்தான்.

"இந்தக் காலோட ஒங்களுக்கு ஓட்ட ஏலுமா?" நஸீமுக்கே தெரியாமல் வாய் கேட்டுவிட்டது.

"பதினெட்டு வயசுலருந்து இப்படித்தான் கிக் அடிக்கிறேன். பழகிருச்சு."

அது நஸீமின் காதில் விழுந்தும் விழாமலும் போனது. அவர் பார்வை அந்தக் காலை விட்டு அகலவில்லை.

யோகராஜ் சிரமப்பட்டுக் குந்தினான். ஃபோன் டோர்ச்சை முன்சக்கரத்தின் மேல் அடித்தான். "இந்தப் பக்கத்து சிக்னல் லைட் எங்க நானா?"

"சொவர்ல பட்டு ஒடஞ்சிட்டு."

"முன்னுக்குள்ள கம்பியும் வளைஞ்சிருக்கே. சொவர்ல பட்டா இப்படி வளையாது." வெளிச்சத்தை அணைக்காமலே நிமிர்ந்து பார்த்தான். "எந்த வருஷம் நிப்பாட்டுனீங்க?"

"பதிமூணுல."

"என்ன மாசம்?"

பைக் வாங்க வருகிறவன் மாசம் கேட்பானா? நஸீம் கொட்டில் தூணைப் பிடித்துக்கொண்டார். பொய் சொல்ல நினைத்தார். வாயில் உண்மைதான் வந்தது.

"ஒக்டோபர்."

யோகராஜ் டோர்ச்சை அணைத்தான். றம்லத் இரண்டு கோப்பைகளில் பிளேன்டீ கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள். அவளுடைய செருப்புச் சத்தம் குசினிக்குள் அடங்கும்வரை இருவரும் அசையவில்லை.

வெளியே பொலிஸ் நிற்கிறதோ என்று நஸீம் கேற்றைப் பார்த்தார். யாரும் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. இந்த ஆள் தனியாகவே வந்திருக்கிறான். பதினாறு வீடு ஏறி இறங்கி, தன்னை நொண்டியாக்கியவனைத் தேடி வந்திருக்கிறான்.

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. யோகராஜின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, என்ன மன்னிச்சிக்கோங்க. அண்டைக்கு மழையில ஒங்கள அடிச்சது நான்தான். பயத்துல வுட்டுட்டு ஓடி வந்துட்டேன். நான் மனுசனே இல்ல."

யோகராஜ் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"நீங்க மௌத்தாப் போயீக்கும்டு நெனச்சி நெனச்சி ஒரு நாள் ஒழுங்காத் தூங்கல்ல," நஸீம் அழுதார். "அல்லாஹ் ஒங்கள உசுரோட வச்சீக்கான். அது போதும் எனக்கு. பொலிஸுக்கு வேணும்டாலும் இப்பவே வாறேன்."

சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. பயமெல்லாம் வீண் பயம்தான். கால் போயிருந்தாலும் ஆள் எழுந்திருக்கிறான். இதோ, கண்முன்னால் நிற்கிறான். பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவருக்கு மூச்சு முழுதாக வந்தது.

யோகராஜ் தன் கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டான்.

"ரோட்டுல கெடந்த ஆளோட மொகத்த நீங்க பாக்கவே இல்லையா?"

"இல்ல தம்பி. குப்புறத்தானே கெடந்தீங்க."

"அது நான் இல்ல நானா, செத்துப்போன என் தம்பி."