நல்ல குக்கர்

குக்கருக்கு அலுத்துப்போயிருந்தது. நேற்று விசில் அடிக்காமல் அடக்கி அடக்கி வைத்து, கடைசியில் வெடித்துப் பருப்பெல்லாம் சுவரில் தெறித்துவிட்டது. இன்றும் அடுப்பில் ஏற்றிவிட்டார்கள்.

தலைமேல் உட்கார்ந்திருந்த வெயிட் கேட்டது: “நேத்து ஏன் விசில் அடிக்கல?”

“அடிச்சா டிவி கேக்கலைன்னு திட்டுறாங்க. நல்ல குக்கர்னு பேர் வாங்கலாம்னு பாத்தேன்.”

“வாங்கினியா?”

குக்கருக்கு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது.

“இப்ப என்ன செய்யணும்னு தோணுது?”

“கத்தணும். ஆனா பயமா இருக்கு.”

“கத்து. நான் இங்கதான் இருக்கேன்” என்று வெயிட் லேசாக எழுந்து வழிவிட்டது.

குக்கர் கத்தியது. கூடத்திலிருந்து யாரோ எழுந்து வந்தார்கள். திட்டு விழப்போகிறது என்று குக்கர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது.

வந்தவர் அடுப்பைக் குறைத்துவிட்டுப் போனார்.