வழக்கமான காரணம்

காலையில் பால் காய்ச்சினேன். டீ போட்டுக் குடித்தேன். அன்றைய பேப்பரைப் பிரிக்காமலே பழைய கட்டோடு சேர்த்தேன். ஒரு வருடமாக இப்படித்தான்.

வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு அழகுராஜா அண்ணன் வந்தார். நான் நிருபராக இருந்த பத்திரிகையின் செய்தி ஆசிரியர்.

“மாப்ள, பொண்டாட்டி போன துக்கம் இருக்கத்தான் செய்யும். அதுக்காக வேலையவே விட்ருவியா? க்ரைம் செய்திக்கு ஆளில்ல. இன்னைக்கே வா.”

“யோசிக்கிறேண்ணே.”

“இன்னும் எம்புட்டு நாளு யோசிப்ப? முனீஸ்வரி இருந்தா விளக்கமாத்தாலயே அடிச்சு அனுப்பியிருக்கும்.”

சிரித்துவிட்டேன். போகலாம் என்று முடிவு செய்து சட்டையை மாட்டினேன்.

“எழுமலைல ஒரு பொண்ணு தற்கொலை. வீட்டாளுக காரணத்தைச் சொல்ல மாட்டேங்குறாக. வழக்கம்போல ‘தீராத வயிற்று வலி’ன்னு நாலு வரி எழுதிரு.”

பொத்தானில் விரல் நின்றது. எட்டு வருடங்களில் அந்தக் காரணத்தை நூறு முறையாவது எழுதியிருப்பேன். ஒருமுறைகூட நம்பியதில்லை.

“நான் வரலண்ணே.”

இன்னும் துக்கம் ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டு அவர் கிளம்பினார். எனக்கிருப்பது வெட்கம்.

குடல்வால் வெடித்து முனீஸ்வரி இறந்த அன்று மதியம், ஆபீசிலிருந்த எனக்குப் போன் செய்து வயிறு வலிக்கிறது என்றாள். “எங்கம்மாவோட இன்னைக்கு என்ன சண்டை?” என்று சத்தமாகக் கேட்டேன். பக்கத்து மேஜைகளில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தபடியே போனை வைக்கப் போனேன்.

“இது உங்க பேப்பர்ல வர்ற வயித்து வலி இல்ல மாமா. நெசமாவே வலிக்குது.”