நாலாவது பாட்டின் தாளம்

அந்த இசைக்குழுவின் முதல் ஆல்பம், பாடகனின் மாடி வீட்டு அறையில் பட்டப்பகலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பதிவு செய்தது. ஒன்பது பாட்டில் எட்டைப் பத்திரிகை விமர்சகர் ஒருவர் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தார். நாலாவது பாட்டுக்கு மட்டும் ஒரு பத்தி முழுக்கப் பாராட்டு.

“டிரம்ஸுக்கு அடியில மொத்து மொத்துன்னு இன்னொரு தாளம் வருதாம். இத்தனை கோபத்தை எந்த இசையிலயும் கேட்டதில்லையாம்,” என்று பாடகன் டிரம்மரின் முதுகில் தட்டினான். “சனிக்கிழமை மேடையில அதையே அடி. அது இல்லேன்னா நம்மள ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான்.”

டிரம்மர் பாராட்டை வாங்கிக்கொண்டு தலையாட்டினான். நாலு நாள் அடித்துப் பார்த்தான். கை கொப்பளித்ததே தவிர, அந்தத் தாளம் வரவில்லை.

“நீ அடிச்சதுதானேடா?” என்றான் பாடகன்.

வெள்ளிக்கிழமை மாலை டிரம்மர் படியிறங்கிப் போய், கீழ்வீட்டு நர்ஸ் அக்காவின் கதவைத் தட்டினான். இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள்.

“அக்கா, நாளைக்கு நீங்க மேடைக்கு வரணும். நாலாவது பாட்டுல வாசிச்சது நான் இல்லை, நீங்கதான்.”

“நான் எங்கே வாசிச்சேன்? தூங்க விடுங்கடான்னு ஒட்டடைக் கம்பால சீலிங்கை இடிச்சேன்.”

“அதேதான்க்கா. அதே மாதிரி இடிச்சாப் போதும்.”

அக்கா சற்று யோசித்தாள்.

“அப்போ எனக்கு மேடைக்கு அடியில இடம் போடு. தலைக்கு மேல நீங்க வாசிச்சாத்தான் எனக்குக் கை வரும்.”