உறைந்தவருக்குக் காவல்

"விசுவாசம் மனித குலத்தின் குடல்வால். வெட்டி எறிந்தால்தான் நாகரிகம் முன்னேறும்" என்று பூவரசன் அறிவித்தான். இணையப் போர் விளையாட்டில், ஆட்டத்தின் நடுவிலேயே எதிரணி வீரரை விலை பேசலாம் என்ற விதி வந்தபின், ஒரே போரில் இரண்டு பக்கமும் நின்று சுட்டவன் அவன்.

இம்முறை அவனை வாடகைக்கு எடுத்தது நாமக்கல் அணி. அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. யார் வீட்டிலாவது கரண்ட் போய் அவர் உருவம் களத்தில் உறைந்தால், மற்றவர்கள் சண்டையை விட்டுவிட்டு அவரைச் சுற்றிக் காவல் நிற்பார்கள்.

"என்னக்கா இது, சாமி ஊர்வலமா?" என்றான் பூவரசன்.

"நீ வாடகைக்கு வந்தவன் கண்ணு. நீ போய்ச் சுடு" என்றாள் தலைவி ருக்மணி. கோழிப்பண்ணை நடத்துகிறவள்.

இறுதிப் போரில் அவன் வீட்டிலேயே கரண்ட் போனது. கரண்ட் வந்ததும், களத்தில் செத்திருப்போம் என்று நினைத்துத்தான் திரும்பி வந்தான். உடைந்த கேடயங்களோடு எல்லோரும் அவனைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

"வந்துட்டியா? வாயப் பொளக்காம சுடு!" என்றாள் ருக்மணி.

அந்த நேரம் பார்த்து எதிரணி அவனுக்குப் பேசிய விலை திரையில் மின்னியது. வாழ்நாளில் யாரும் அவனுக்குத் தராத விலை. அதே கணம் ருக்மணி உறைந்தாள்.

விலையை ஒதுக்கிவிட்டு அவள்முன் போய் நின்றான். பாய்ந்து வந்த எதிரிகள் அத்தனை பேரும் அங்கேயே விழுந்தார்கள். வெற்றி முரசு முழங்கியது.

"மாப்ள, ஜெயிச்சுட்டோம்! கோப்பை வாங்க வாடா!" என்று கூவினான் அணிக்காரன் ஒருவன்.

"நீங்க போங்கடா" என்றான் பூவரசன், கேடயத்தை இறக்காமல். "அக்காவுக்கு இன்னும் கரண்ட் வரல."