பதினேழாம் பக்கத்துக் கட்டைவிரல்

திறந்ததுமே அந்தப் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு பரிதியை மறித்தது: விளக்கப் புத்தகத்தின் பதினேழாம் பக்கம், மூன்றாம் வரி, முதல் வார்த்தை என்ன? திருட்டுப் பிரதி வைத்திருப்பவர்களைப் பிடிக்க அந்தக் காலத்து ஏற்பாடு. சொன்னால்தான் உள்ளே விடும். உள்ளே அவனும் ஆதிரையும் கல்யாணமான புதிதில் கட்டிய ஊர் இருந்தது.

புத்தகம் இடத்தை அடைக்கிறதென்று ஆதிரை அதைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் போனில் அனுப்பியிருந்தாள். அதற்குப் பிறகுதான் சண்டை, அம்மா வீடு எல்லாம். படத்தைத் திறந்தான். மூன்றாம் வரியின் மேல் அவளுடைய கட்டைவிரல். பெரிதாக்கினான், விரல்தான் பெரிதானது. பாதி உரிந்த நகப்பூச்சு. எழுந்தான், ஃப்ரிட்ஜைத் திறந்தான், மூடினான், உட்கார்ந்தான். கடைசியில் போன் போட்டான்.

“உன் விரலைக் கொஞ்சம் எடேன்.”

“இத்தனை நாளா ஒரு போன் இல்ல. இப்ப விரலாம்!”

விஷயத்தைச் சொன்னான். “புத்தகத்தைத்தான் பழைய பேப்பர்ல போட்டிருப்பியே.”

“போடல. இங்கதான் இருக்கு. இருங்க.” தாள் புரண்டது. “லான்டர்ன். போதுமா? வச்சிரவா?”

பரிதியின் கை கீபோர்டுப் பக்கமே போகவில்லை.

“தப்புங்குதே,” என்றான். “அடுத்த வார்த்தை?”

“பிரிட்ஜ்.”

“ம்ஹூம். அதுவும் இல்லையாம்.”

ஒரு கீ தட்டுகிற சத்தம்கூட அவளுக்குக் கேட்டிருக்காது. ஆதிரை தொண்டையைச் செருமிக்கொண்டு, பக்கத்தின் முதல் வரியிலிருந்து நிதானமாக வாசிக்கத் தொடங்கினாள்.