தீக்குருவிச் சீட்டு

"முடிஞ்சுது மச்சான்! நீங்க அவுட்!"

போன் ஸ்டாண்டுக்கு முன்னால் உட்கார்ந்து கைதட்டிச் சிரித்தாள் ஷிஃபா. அந்தச் சிரிப்பு மாமியார் ஹைருன் பீவிக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

போனில் தெரிந்த மகன் முஃபீதின் முகம் தொங்கிப்போயிருந்தது. "இது ஒரு ஆட்டமா? நான் ஒரு நல்ல கார்டு எறக்குததுக்குள்ள ஆளையே முடிச்சிட்டே. போ, நாளைக்குப் பாத்துக்கிடுதேன்." வெடுக்கென்று வைத்துவிட்டான். உம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஹைருன் பீவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை சவூதியின் தம்மாமில் ராத்திரி முழுக்க ட்ரெய்லர் லாரி ஓட்டுகிறான். காலையில் ரூமுக்கு வந்து ரெண்டு வாய் சாப்பிட்டதும் பெண்டாட்டிக்குப் போன் போடுகிறான். பேசினோமா, சிரித்தோமா என்று இல்லாமல் என்ன எழவு சீட்டு விளையாட்டு! போன லீவில் ஆளுக்கொரு பெட்டி வாங்கி வந்து அவன்தான் சொல்லிக்கொடுத்தான். குருவி, எலி, பூதம் என்று படம் போட்ட சீட்டுகள். அதுகளை இறக்கிச் சண்டை போட வேண்டும். எதிராளியின் உயிர்ப் புள்ளி தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. சொல்லிக்கொடுத்தவனையே தினமும் மண்ணைக் கவ்வ வைக்கிறாள் இந்தச் சண்டாளி.

"ஏட்டி, ஒரு நாளாவது அவனை ஜெயிக்க விடப்படாதா?"

"ஆட்டம்னா ஆட்டந்தான் மாமி."

ஷிஃபா சீட்டுகளைப் பாயில் பரப்பினாள். இனி உலையில் அரிசி போடும் வரைக்கும் இதே வேலைதான். ஒன்றை உருவுவாள், இன்னொன்றைச் செருகுவாள், கலைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள். கல்யாணத்துக்கு நகை எடுத்தபோதுகூட இவ்வளவு யோசிக்கவில்லை.

"அந்தப் பெரிய பூதத்தை ஏன் ஒதுக்குதே? பாக்க நல்லாத்தான இருக்கு?"

"அதை எறக்க ஏழு சுத்து காத்துக் கெடக்கணும் மாமி. இந்தத் தீக்குருவி மொத சுத்துலயே எறங்கி அடிக்கும். சின்னச் சின்னதா அடிச்சிக்கிட்டே இருந்தா, அவுக மூச்சு விடுததுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிரும்."

"கட்டுன புருஷனையா மூச்சு விடாம அடிப்பே?"

ஷிஃபா இன்னொரு தீக்குருவியைக் கட்டில் செருகினாள். அமுக்குணி!

மறுநாள் காலையிலேயே சாரல் பிடித்துக்கொண்டது. மாடியில் கிடந்த துணிகளை எடுக்க ஷிஃபா ஓடினாள். இதுதான் சமயம் என்று ஹைருன் பீவி சீட்டுக்கட்டைக் கையில் எடுத்தாள். தீக்குருவிகள் அத்தனையையும் உருவித் தலையணைக்கு அடியில் தள்ளினாள். அதற்குப் பதிலாகப் பெட்டியில் ஒதுக்கிக் கிடந்த பூதங்களைச் செருகினாள். பெத்த பிள்ளைக்கு இதுகூடச் செய்யாவிட்டால் என்ன உம்மா?

போன் வந்தது. ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஷிஃபாவின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. எடுக்க எடுக்கப் பூதம்.

"என்ன ஷிஃபா, உன் குருவியெல்லாம் ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிட்டா?" முஃபீத் விழுந்து விழுந்து சிரித்தான். ஜெயித்தே விட்டான்! ஹைருன் பீவிக்கு வயிறு குளிர்ந்தது.

"போதும் மச்சான், வைங்க."

"வைக்கவா? இப்பத்தான சூடு பிடிச்சிருக்கு. இன்னொண்ணு போடு!"

ஷிஃபா பாயைப் புரட்டி, பெட்டியைக் கவிழ்த்துக் குருவிகளைத் தேடினாள். கிடைக்கவில்லை. அடுத்த ஆட்டத்திலும் தோற்றாள். போனை அணைத்தே பார்த்தாள். உடனே உம்மாவின் போனில் வந்தான் முஃபீத்.

"அவகிட்டக் குடு உம்மா. தோத்துட்டு ஓடுதா!"

ஹைருன் பீவி ஆசை ஆசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மகன் ஜெயித்த சந்தோஷத்தில் அடுக்களைக்குப் போய்க் கடல்பாசி இனிப்புகூடக் காய்ச்சினாள்.

"ஐயோ, லோடு ஏத்தப் போவணும்" என்று அவன் அலறிக்கொண்டு வைத்தபோது, பள்ளிவாசலில் பிற்பகல் அஸர் பாங்கு கேட்டது. ஷிஃபா சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"ஒரு நா தோத்ததுக்கா இந்த அழுவ? அம்புட்டு ஆங்காரமாட்டி ஒனக்கு?"

"தோத்ததுக்கு இல்ல மாமி." துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள் ஷிஃபா. "போன மாசம் வண்டி ஓட்டும்போது கண்ணசந்துட்டாக. ட்ரெய்லர் தடுப்புல ஏறி நின்னுருக்கு. அல்லாதான் காப்பாத்துனான். உங்ககிட்டச் சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக."

ஹைருன் பீவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"படுத்துத் தூங்குங்கன்னா கேக்க மாட்டாக. ஜெயிச்சா இன்னொண்ணு, இன்னொண்ணும்பாக. தோத்தாத்தான் ரோசத்துல போனை வச்சிட்டுப் படுப்பாக. அதுக்குத்தான் மாமி அம்புட்டு வேகமா அடிச்சேன். இன்னைக்குப் பொட்டுத் தூக்கம் இல்லாம வண்டி எடுக்கப் போறாகளே..."

ஹைருன் பீவி எழுந்துபோய்க் குருவிகளை எடுத்துவந்து மருமகள் மடியில் வைத்தாள். ஷிஃபா குருவிகளையும் மாமியையும் மாறி மாறிப் பார்த்தாள். மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் அவன் போன் வருகிறவரை ரெண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை.

போன் வந்தது. ஆட்டம் ஆரம்பித்தது. முஃபீத் ஒரு பூதத்தைக்கூட இறக்கவில்லை, அதற்குள் விழுந்துவிட்டான்.

"பாத்தியா உம்மா உன் மருமவளை? இன்னும் ஒரே ஒரு ஆட்டம் போடச் சொல்லு!"

ஹைருன் பீவி போனைப் பிடுங்கினாள்.

"தோத்தவனுக்கு என்னலே பேச்சு? வச்சிட்டுப் படுலே!"