மற்றும் மூவர்

நிச்சயத் தாம்பூலத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் அப்பா நாச்சிமுத்து போனை எடுத்துப் பெண்ணின் அப்பாவிடம் நீட்டினார்.

"ஏனுங்க கருப்புசாமி, உங்க மேல கேஸ் இருக்கறதை ஏன் மறைச்சீங்க? கோர்ட்டு சைட்டுல உங்க பேரைப் போட்டுப் பாத்தேன். சேவக்கட்டுச் சூதாட்டக் கேஸு! குத்தவாளி, எருத்தேன்பதி கருப்புசாமி மற்றும் மூவர்!"

"வாஸ்தவந்தானுங்க."

"சொல்ல வெக்கமா இல்லீங்களா? சூதாடி ஊட்டுல பொண்ணெடுக்க நாங்க என்ன கதி கெட்டா கெடக்கறோம்? எம்பையன் கள்ளுக்கடைப் பக்கமே போகாதவன். எந்திரிடா கோகுலு!"

கோகுல்நாத் எழவில்லை.

"பொண்ணைப் பாத்து மயங்கிட்டியாடா? இந்தாளு தானாத் தேடி வந்து சம்பந்தம் கேட்டப்பவே எனக்குச் சந்தேகம். எம்பையனை எங்க பாத்தீங்கன்னு கேட்டா, சித்தூர்ல பாத்தேன், புடிச்சுப்போச்சுங்கறாரு!"

கதவோரம் நின்ற மணப்பெண் மௌனிகா அழத் தொடங்கினாள். அவளைப் பார்த்துவிட்டு, கருப்புசாமி சொன்னார்.

"கேஸ் நெம்பரை அமுக்குங்க. அந்த மூணு பேரு யாருன்னும் வரும்."

"அந்தச் சூதாடிக பேரையும் ஊரு கேக்கட்டும்!" நாச்சிமுத்து அமுக்கி, உரக்கப் படித்தார். "ரெண்டாவது, செல்லமுத்து. மூணாவது, மாரப்பன். நாலாவது, கோகுல்நாத், தகப்பன் பேரு..."

படிப்பதை நிறுத்திவிட்டு மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"சித்தூர் கோர்ட்டுல எம்பக்கத்துலதானுங்க நின்னாரு," என்றார் கருப்புசாமி. "நாங்க மூணு பேரும் வாய்தாவுக்கு வராம இருந்திருக்கறோம். மாப்பிள்ளை ஒரு தடவைகூடத் தவறினதில்லை. அந்தப் பொறுப்பைப் பாத்துத்தான் பொண்ணு குடுக்க நெனச்சேன்."